ஆயக்கட்டு இல்லாத கண்மாய்: கொடைக்கானல் ஏரிக்கரை வீடுகள்

கொடைக்கானல் ஏரிக்கு ஒரு கரை உண்டு. குதிரைக்காரர்களையும் சோளக்கதிர் சுடுகிறவர்களையும் கடந்து படகுத்துறைக்குப் போகிற பயணிகள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. மலை பிறந்தபோதே ஏரியும் பிறந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் வந்து கூடிய ஒரு சதுப்பு நிலத்தின் வாயை மறித்துக் கரை போட்டார். நீர் பள்ளங்களுக்குள் புகுந்து, விரல் விரலாகப் பிரிந்து, நட்சத்திர வடிவில் நின்றது. பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர், சுற்றிவர சுமார் 5 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்து விட்டவரும் அவரே. மீன் குஞ்சும் விட்டார்.

மதுரைச் சீமையை ஆண்ட ஒருவருக்குக் கண்மாய் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரை, வரத்துக்கால், மதகு, கலிங்கு இவற்றைப் பார்க்காமல் அந்த ஜில்லாவில் ஒரு ஜமாபந்தி நடத்த முடியாது. லெவிஞ்ச் மலைமேல் கட்டியதும் ஒரு கண்மாய்தான். ஆனால் அதற்கு ஆயக்கட்டு, அதாவது அதன் நீர் பாயும் வயல், இல்லை. கீழ்நாட்டில் ஒரு கண்மாய் பிழைத்திருப்பது அதன் நீரில் விளையும் நெல்லால். கரை உடைந்தால் வயிறு காயும் என்ற பயம் ஊரையே மண்வெட்டி எடுக்க வைக்கும். கொடைக்கானல் ஏரியின் நீரில் ஒரு பிடி நெல்லும் விளைந்ததில்லை. அதைச் சுற்றி விளைந்தவை வீடுகள். கோடையில் மூன்று மாதம் திறந்திருந்து, மிச்ச ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்த வீடுகள். ஏரியின் நல்லது கெட்டது இரண்டும் அந்த வீடுகளோடு பின்னிக் கிடப்பதால், இரண்டின் வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வீடு ஏரியை விட மூத்தது. 1821-ல் நில அளவையாளர் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு வெள்ளகவி வழியாக மேலே ஏறிப் பழனிமலையை அளந்தார். அப்போதும் அதற்கு முன்பும் பளியரும் புலையரும் இந்த மலைகளில் வாழ்ந்தார்கள். பூம்பாறை, வில்பட்டி போன்ற ஊர்களில் குன்னுவர் படிக்கட்டு வயல்களில் பயிர் செய்தார்கள். வெளியார் வந்து வீடு கட்டியது 1845-ல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834-ல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் பத்தே ஆண்டில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மனைவிகளையும் குழந்தைகளையும் வரிசையாகப் பறிகொடுத்தார்கள். தப்பிக்க ஒரு குளிர்ந்த இடம் தேவைப்பட்டது. அவர்கள் முதலில் போனது திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலுள்ள சிறுமலைக்கு. அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பது 1897-ல் ரொனால்டு ராஸ் கண்டுபிடிக்கும் வரை யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றே நம்பினார்கள். காரணம் தவறாக இருந்தாலும் அனுபவம் சொன்னது சரி: இன்னும் மேலே போக வேண்டும். அப்படித்தான் ஏழாயிரம் அடி உயரத்தில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் எழுந்தன.

திருச்சிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. துறையூரைத் தாண்டினால் பச்சைமலை. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் மேலே இருக்கலாம். காவேரிக் கரையில் வெயிலில் வெந்த துரைமார்கள் அதை விட்டுவிட்டு ஏன் பழனிமலைக்கு ஓடினார்கள்? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். பச்சைமலையின் உயரம் பெரும்பாலும் 500 முதல் 1000 மீட்டர் வரை. மே மாதத்தில் திருச்சி 40 டிகிரியில் கொதிக்கும்போது பச்சைமலை 34, 35-ல் நிற்கும்; இரவு சுகமாக இருக்கும், பகல் இருக்காது. காய்ச்சலுக்கு அஞ்சி ஓடியவர்களுக்கு அந்த உயரம் போதாது. கொடைக்கானலில் அதே மே மாதத்தில் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். பச்சைமலையில் மலையாளி மக்கள் வண்ணாடு, கோம்பை நாடு, தென்புறநாடு என்று தங்கள் நாடுகளைப் பிரித்துக்கொண்டு தங்கள் போக்கில் வாழ, கோடை வீடுகள் வராமலே போயின. அந்த மலைக்கு அது நஷ்டம் என்று சொல்லத் தோன்றவில்லை.

முதல் வீடுகள் நின்ற இடம் கவனிக்கத்தக்கது. அவை தண்ணீரை ஒட்டி இல்லை. அப்போது ஏரியே இல்லை. 18 ஆண்டு கழித்து ஏரி வந்த பிறகும் பழைய கொத்தர்கள் நீரோரத்தில் அஸ்திவாரம் தோண்ட விரும்பவில்லை. பள்ளத்தில் பனி தங்கும், ஈரம் சுவரில் ஏறும், டிசம்பரில் புல்லின் மேல் உறைபனி படியும். இன்றும் உறைபனி முதலில் விழுவது ஏரிச்சாலையிலும் ஜிம்கானா பக்கத்துப் பள்ளத்திலும்தான். ஆகவே வீடு மேட்டில் இருக்கும், ஜன்னல் ஏரியைப் பார்க்கும். வாசலிலிருந்து ஒரு சரிவுப் பாதை கரைக்கு இறங்கும். கருங்கல் சுவர், தகரக் கூரை, ஒவ்வொரு அறைக்கும் கணப்பு, அதற்கொரு புகைபோக்கி. ஒரு வீட்டில் எத்தனை அறை என்பதை வெளியிலிருந்தே புகைபோக்கியை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.

அந்த வீடுகளுக்கு மேலே போய்ச் சேருவது தனிப் பெரிய வேலை. ரயில் வருவதற்கு முன் மாட்டு வண்டிதான். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860-களின் தொடக்கத்தில் வந்து நின்ற ரயில் பாதை, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875-ல் நீண்டபோது அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் வந்தது. இன்றைய கொடை ரோடு அதுதான். அங்கே இறங்கிய குடும்பம் இரவு முழுவதும் மாட்டு வண்டியில் குலுங்கி, விடியும் நேரத்தில் பெரியகுளம் பக்கத்தில் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பில் இறங்கும். அங்கிருந்து மேலே நடைபாதை. பன்னிரண்டு மைல், செங்குத்து ஏற்றம். ஆண்கள் மட்டக்குதிரையில், பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் நாற்காலியில். நாற்காலியின் இருபுறமும் மூங்கில் கட்டி, ஆட்கள் தோளில் ஏற்றி, முறை மாற்றி முறை மாற்றிச் சுமந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான், சமையல் பாத்திரம், புத்தகப் பெட்டி, கண்ணாடி ஜன்னல், இரும்பு அடுப்பு எல்லாம் தலைச்சுமை. பியானோவும் அப்படித்தான் மேலே போனது என்று மலையில் சொல்வார்கள். ஐரோப்பியர்கள் அந்தப் பாதைக்கு வைத்த பெயரே கூலிகளின் பாதை என்பதுதான். சுமந்தவர்கள் யார், எந்த ஊர், ஒரு நடைக்கு என்ன கூலி என்பது வீட்டுக்காரர்கள் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் அபூர்வமாகவே வருகிறது. கோடை வாசத்தைப் பற்றிப் பிற்காலத்தில் வந்த எழுத்துகளின் பெரிய குறை இதுவே.

திருச்சிக்கும் இந்த மலைக்கும் உள்ள பந்தம் இந்தக் காலத்தில்தான் இறுகியது. சேசு சபையினர் மலையில் இடம் வாங்கி லா பிராவிடன்ஸ் இல்லத்தை நடத்தினார்கள். 1866-ல் சலேத் மாதா கோயில் எழுந்தது. நாகப்பட்டினத்தில் 1844-ல் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883-ல் திருச்சிக்கு மாறிய பிறகு, பாடம் நடத்திய பாதிரியார்கள் கோடை விடுமுறைக்கு மலையேறுவது வழக்கமானது. 1895-ல் செண்பகனூரில் அவர்களுடைய திரு இருதயக் கல்லூரி வந்தது. பழனிமலையின் செடிகொடிகளையும் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்து அவர்கள் வைத்த அருங்காட்சியகம் அங்கே வளர்ந்தது. புதுக்கோட்டை மன்னர் குடும்பத்துக்கு ட்ரெடிஸ் மாளிகை இருந்தது. ஆனாலும் ஊரின் சாயலைத் தீர்மானித்தவர்கள் மிஷன்காரர்கள். அமெரிக்க மதுரை மிஷன், ஆற்காடு மிஷன், லுத்தரன் மிஷன் என்று ஒவ்வொன்றும் ஒரு காம்பவுண்டு வளைத்து, அதற்குள் பல வீடுகளைக் கட்டி, தன் ஊழியர்களுக்கு வாரக்கணக்கில் ஒதுக்கித் தந்தது. வீடு யாருக்கும் சொந்தமில்லை, முறை மட்டுமே சொந்தம். இந்த ஆண்டு ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த வீடு அடுத்த ஆண்டு வேறு குடும்பத்துக்குப் போகும்.

ஊட்டியில் 1820-களில் ஜான் சல்லிவன் உண்டாக்கிய ஏரியைச் சுற்றி அரசாங்கமே வந்து உட்கார்ந்தது. கவர்னர், செக்ரட்டேரியட், வேட்டை, நடனம். கொடைக்கானலில் அந்த ஆடம்பரம் இல்லை. அமெரிக்காவில் 1874-ல் சட்டாக்குவா என்ற ஏரிக்கரையில் ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு கோடை முகாம் தொடங்கியது. சிறுசிறு வீடுகள், காலையில் வேதபாடம், மதியம் சொற்பொழிவு, மாலையில் படகும் பாட்டும் என்று அது நாடெங்கும் பரவியது. கொடைக்கானல் சீசனும் ஏறக்குறைய அதே அச்சில் வார்த்தது. பிரசங்கம், தமிழ்ப் பரீட்சைக்குப் படிப்பு, டென்னிஸ், மலைநடை, இசைக் கச்சேரி, படகுப் போட்டி. படகுக் குழாம் 1890-ல் உருவானது. 1899-ல் ஊர் நகராட்சியானது. அதே ஆண்டில் சூரிய ஆய்வகம் வந்தது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டறிந்தது இந்த மலையில்தான். ஏரிக்குக் கீழ்ப்புறம் (கிழக்கில்) பிரையண்ட் பூங்காவை 1908-ல் வன அதிகாரி ஒருவர் வடிவமைத்தார். அவர் பெயரே அதற்கு நின்றது.

1901-ல் ஒரு மாற்றம் வந்தது. ஏரியின் அருகே ஹைகிளெர்க் என்ற வளாகத்தில், பதின்மூன்று பிள்ளைகளோடு மிஷனரிகளின் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதன் வளர்ச்சி. பள்ளி வந்ததும் சீசனின் கணக்கே வேறாகிவிட்டது. அதுவரை குடும்பம் மொத்தமாக மேலே வந்து மொத்தமாக இறங்கியது. இனிப் பிள்ளைகள் மேலேயே இருப்பார்கள்; பெற்றோர் ஏப்ரல், மே மாதங்களில் ஏறி வருவார்கள். பள்ளி கோடையில் விடுமுறை விடாது. நீண்ட விடுமுறை குளிர்காலத்தில். பெற்றோர் வந்ததும் பிள்ளைகள் விடுதியை விட்டுக் காம்பவுண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பள்ளிக்காலத்தில் ஆறு வாரம் மட்டும் சேர்ந்து வாழ்ந்த அந்தக் குடும்பங்களுக்கு ஏரிக்கரை வீடு உல்லாசத்துக்கு மேலான ஒன்றாக இருந்தது. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போன பலர் முதுமையிலும் கொடைக்கானலைத் தேடி வந்ததற்கு இதுவே காரணம்.

இத்தனைக்கும் வீட்டைக் காத்தவர்கள் வேறு. ஒவ்வொரு காம்பவுண்டிலும் பின்கட்டில் ஒரு அவுட்ஹவுஸ் இருக்கும். அதில் காவல்காரரும் மாலியும் குடும்பத்தோடு இருப்பார்கள். வீட்டுக்காரர் ஜூன் கடைசியில் இறங்கியதும், தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம், உறைபனி என்று மூன்றையும் வீட்டின் சார்பில் எதிர்கொள்வது இவர்கள்தான். இந்த வேலைக்கு எழுதிய பாடம் கிடையாது. அப்பாவிடமிருந்து மகன் பார்த்துப் பழகியது.

சீசன் திறப்பு மார்ச்சில் தொடங்கும். பல சீசன் கண்ட காவல்காரர் முதலில் ஜன்னலைத் தொடமாட்டார். கணப்பில் குனிந்து, ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கிக்குள் காட்டுவார். புகை சரசரவென்று மேலே போனால் சரி. திரும்பி முகத்தில் அடித்தால் உள்ளே பறவைக் கூடோ, இடிந்த கல்லோ அடைத்திருக்கிறது. அது தெரியாமல் கட்டை போட்டு மூட்டினால் அறை முழுவதும் கரியாகும், குடும்பம் மூச்சுத் திணறும். அடுத்து மெத்தைகள். ஒன்பது மாத ஈரத்தைக் குடித்த இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் ஒரே நாளில் காய வைக்க முடியாது. மூன்று நாளாவது புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். வெயில் ஏறி, பிற்பகல் மூடுபனி இறங்குவதற்கு முன் உள்ளே எடுக்காவிட்டால் காய்ந்தது அத்தனையும் வீண். கம்பளிகள் தகரம் அடித்த பெட்டியில் அந்துருண்டையோடு கிடக்கும். ஈரத்தில் ஊதிய கதவுகளை உடனே இழைப்புளி போட்டுச் சீவக் கூடாது. பத்து நாள் கணப்பு எரிந்தால் மரம் தானே சுருங்கும், சீவிய கதவில் அப்புறம் குளிர்காற்று புகும். விறகு இன்னொரு தனிக் கணக்கு. வாட்டில் கட்டையை முன்கூட்டியே பல மாதம் நிழலில் அடுக்கிக் காய வைக்க வேண்டும். பச்சை விறகு எரியாது, அழும்.

கூரைத் தகரத்தின் ஓரத்துக் கால்வாயில் தைல மர இலை நிரம்பியிருக்கும். அதை அள்ளாமல் விட்டால் முதல் கோடை மழையிலேயே நீர் சுவரில் இறங்கும். ஒரு வீடு பாழாகத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். கல் சுவர் நூற்றைம்பது வருஷம் நிற்கும். கைப்பிடி இலை அதை ஐந்து மழையில் நனைத்துவிடும். பூட்டிக் கிடந்த வீடுகள் பல விழுந்ததற்குக் காரணம் தேடினால், காவல்காரர் இல்லாமல் போன ஆண்டில் போய் முடியும்.

சீசன் மக்கள் சுற்று ஊர்களின் பிழைப்பையும் திருப்பிவிட்டார்கள். லெவிஞ்ச் ஓய்வு பெற்ற பிறகும் மலையிலேயே தங்கி, 1885-ல் அங்கேயே இறந்தார். வெளிநாட்டுப் பழமரங்களையும் காய்கறிகளையும் மலைக்குப் பழக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. பேரிக்காய், பிளம்ஸ், பட்டர் ஃப்ரூட், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் வில்பட்டிக்கும் பூம்பாறைக்கும் இயல்பாகிப் போயின. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இன்றும் நடக்கிறது. மலைப்பூண்டு மட்டும் குன்னுவர் கைவிடாத பழைய பயிர். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்னொரு பக்கம், விறகுக்கும் நிழலுக்கும் என்று நட்ட வாட்டிலும் தைல மரமும் வேலி தாண்டி, சோலைக்காட்டின் இடையிலிருந்த புல்வெளிகளைத் தின்றன. ஏரிக்கு வரும் ஓடைகளின் ஊற்று அந்தப் புல்வெளிகளில்தான் இருந்தது. புல் மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையில் சொட்டுச் சொட்டாக விடும். தைல மரம் உறிஞ்சிக்கொள்ளும். கீழ்நாட்டில் கண்மாயின் வரத்துக்காலை மறித்தால் கோர்ட்டுக்குப் போவார்கள். இங்கே நூறு ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை.

மோட்டார் பாதை நடைபாதையின் காலத்தை முடித்தது. மேஜர் லா என்பவர் 1870-களில் வரைந்த மலைச்சாலை நெடுங்காலம் பாதியில் நின்று, 1914-ஐ ஒட்டித்தான் வத்தலக்குண்டிலிருந்து முழுமையாக மேலே வந்து சேர்ந்தது. இரண்டு நாள் பயணம் சில மணி நேரமானது. நாற்காலி சுமந்தவர்களின் தொழில் அத்தோடு போயிற்று. ஆறு வாரம் தங்கினால்தான் ஏறி வந்த பாட்டுக்கு ஈடாகும் என்ற நிலை மாறி, நான்கு நாள் தங்கவும் ஆள் வந்தது. அப்படி வருகிறவருக்கு வீடு வேண்டாம், ஓட்டல் போதும். படகுக் குழாம் 1932-ல் பொதுமக்களுக்கும் பயணிகளுக்கும் திறந்ததை இந்த மாற்றத்தின் அடையாளமாகக் கொள்ளலாம். அதுவரை அந்த நீரில் துடுப்புப் போட அங்கத்தினராக இருக்க வேண்டும். 1936-ல் இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்தைத் தழுவிய லீலாவதி இராமநாதன், குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டினார். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலையேறிய 91 ஆண்டு கழித்து, இன்னொருவர் யாழ்ப்பாணத் தொடர்போடு வந்து முருகனுக்கு அங்கே இடம் கண்டார். அதன் பிறகே சமவெளித் தமிழ்க் குடும்பங்கள் கொடைக்கானலைத் தங்கள் ஊராகவும் பார்க்கத் தொடங்கின என்று சொல்லலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. மிஷனரிகள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போக, புதியவர்களுக்கு விசா கிடைப்பது அரிதாக, காம்பவுண்டு வீடுகளின் முறை நிரப்ப ஆளில்லாமல் போயிற்று. வீடுகள் இந்தியத் திருச்சபைகளின் அறக்கட்டளைகளுக்கு மாறின. சில மதுரை, திண்டுக்கல், திருச்சி வியாபாரக் குடும்பங்களின் கைக்கு வந்தன. கோடை வீட்டுக்கு எதிர்பாராத வேலைகளும் வந்தன. காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா 1965 முதல் சில காலம் இந்த மலையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தார். ஏரியைப் பார்க்கும் வராந்தாவும் கணப்பும் கொண்ட ஒரு பங்களா அரசியல் சிறையாகவும் ஆகக்கூடும் என்று அதைக் கட்டியவர் நினைத்திருக்க மாட்டார்.

வீடு கைமாறும்போது காவல்காரர் குடும்பமும் சேர்ந்தே கைமாறும். இது இத்தொழிலில் அதிகம் பேசப்படாத விஷயம். நாற்பது ஆண்டு அவுட்ஹவுஸில் இருந்த குடும்பத்துக்குப் பட்டா கிடையாது, ரசீது கிடையாது, பழைய வீட்டுக்காரர் எழுதித் தந்த ஒரு நற்சான்றுக் கடிதம் மட்டும் பெட்டியின் அடியில் இருக்கும். புதிய உரிமையாளர் நல்லவராக அமைந்தால் வாழ்வு தொடர்ந்தது. அமையாத இடத்தில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. வெளியேறியவர்கள் அண்ணா நகர், நாயுடுபுரம் பக்கம் குடிசை போட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று வாடகைக் கார் ஓட்டுகிறார்கள், படகு தள்ளுகிறார்கள், அப்பா காத்த வீட்டைப் பயணிகளுக்குச் சுட்டிக் காட்டுகிறார்கள்.

1980-களில் காட்டேஜ் என்ற சொல்லின் பொருளே மாறியது. டைம்ஷேர் என்ற புது ஏற்பாட்டில் ஒரு வீட்டின் ஒரு வாரத்தை வாங்கலாம் என்று விளம்பரம் வந்தது. உண்மையில் அது மிஷன் காம்பவுண்டின் பழைய முறைதான். முன்பு ஊழியத்துக்குக் கிடைத்தது, இப்போது விலைக்கு வந்தது. தொடர்ந்து, ஏரியைச் சுற்றிய சரிவுகளில் ஒரு வீடு நின்ற மனையில் பத்து அறை, இருபது அறை என்று கட்டடங்கள் எழுந்தன. 1993-ல் முழுமைத் திட்டம் வந்து உயரத்துக்கும் சரிவுக்கும் அளவு சொன்னது. மீறல்கள் அதைத் தாண்டி ஓடின. உயர் நீதிமன்றம் பலமுறை தலையிட வேண்டியிருந்தது. இப்போது மலையேறும் வழியிலுள்ள வெள்ளி நீர்வீழ்ச்சியிலேயே வண்டியை மறித்து, காட்டேஜ் வேணுமா சார், ரெண்டு பெட்ரூம், கெய்சர் இருக்கு, கேம்ப் ஃபயர் போட்டுத் தரோம் என்று சாவிக்கொத்தோடு நிற்கிறார்கள். காவல்காரரின் இடத்துக்கு இடைத்தரகர் வந்துவிட்டார். இவருக்கு வீட்டின் புகைபோக்கி தெரியாது. செக்-அவுட் நேரம் தெரியும்.

அந்த வெள்ளி நீர்வீழ்ச்சி கொடைக்கானல் ஏரியின் கலிங்கு நீர் என்பது அங்கே நின்று படம் எடுப்பவர்களில் பலருக்குத் தெரியாது. ஏரி நிரம்பி வழிவதுதான் எட்டு கிலோமீட்டர் கீழே 180 அடி விழுகிறது. ஏரியில் கலப்பது எதுவோ அது அங்கேயும் வரும். மேட்டில் வீடு, பள்ளத்தில் ஏரி என்ற பழைய அமைப்பில் வீட்டுக் கழிவு தோட்டத்து மண்ணிலேயே வற்றியது. ஒரு வீட்டில் எட்டுப் பேர், ஆண்டுக்கு மூன்று மாதம் என்றால் மண் தாங்கும். ஆண்டு முழுவதும் நூறு பேர் என்றால் தாங்காது. கழிவு சரிந்து நீரில் கலந்தது, நீர்த்தாவரங்கள் மண்டின. தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் இந்த ஏரி சேர்க்கப்பட்டு, களை எடுத்து, நடைபாதை போட்டார்கள். களை எடுப்பது எளிய வேலை இல்லை: பரிசலிலும் தட்டைப் படகிலும் போய், நீளக் கழியில் கட்டிய கொக்கியால் வேரோடு சுருட்டி, கரையில் குவித்து, நீர் வடிந்ததும் லாரியில் ஏற்ற வேண்டும். இயந்திரம் வந்த பிறகும் விரல் விரலாகப் பிரிந்த மூலைகளுக்குள் ஆள்தான் இறங்க வேண்டியிருக்கிறது. வேரை விட்டு மேலே மட்டும் அறுத்தால் ஒரே மழையில் பழையபடி ஆகிவிடும். இதே மலையில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளியே தெரியவந்து, 2001-ல் அது மூடப்பட்டது. அதன் பின் நீரைப் பற்றிய பயம் ஊருக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

2018-ல் குறிஞ்சி பூத்தபோதும், அதன் பின் வந்த பல கோடைகளிலும் மலைச்சாலை வாகனங்களால் அடைபட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்றானது. ஓட்டல்காரர்கள் வருத்தப்பட்டார்கள், கறிகாய் ஏற்றி இறக்கும் விவசாயிகள் விலக்குக் கேட்டுப் பெற்றார்கள். ஒரு கண்மாய் எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்ற கணக்கு கீழ்நாட்டில் ஆயிரம் ஆண்டாக உண்டு. இந்த ஏரி எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வி 161 ஆண்டு கழித்து முதல் தடவையாக அரசாங்க ஏட்டில் ஏறியது.

பச்சைமலையில் இப்போது சோபனபுரம் வழியாகச் சாலை ஏறுகிறது. டாப் செங்காட்டுப்பட்டியில் வனத்துறை தங்குமிடம் நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மங்களம் அருவிக்குத் திருச்சி இளைஞர்கள் வண்டியில் போகிறார்கள். மலையாளிகளின் மரவள்ளிக் கொல்லைகளுக்கும் முந்திரித் தோப்புகளுக்கும் நடுவே மனை விசாரிப்பவர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள்.

கொடைக்கானலின் பழைய வீடுகளில் நின்றிருப்பவை இன்னும் சில காம்பவுண்டுகளுக்குள் உண்டு. ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழாவுக்கு மலைவாழ் குடும்பங்களும் பழைய காவல்காரர்களின் வாரிசுகளும் கூடுகிறார்கள். அந்த மாதத்தில் சீசன் இல்லை, அறை எளிதில் கிடைக்கும், ஏரியில் படகும் குறைவு. மார்ச் பிறந்ததும் அவுட்ஹவுஸ் இருக்கிற வீடுகளில் மெத்தைகள் வெயிலுக்கு வருகின்றன. யாராவது ஒருவர் கணப்பில் குனிந்து, செய்தித்தாளைக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார்.